பென்சில்வேனியா 6-5000: எண்ணுக்குள் இருந்த ஊர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது தொலைபேசி எண்களைப் பற்றி. அதிலும் நியூயார்க் நகரத்தின் பழைய தொலைபேசி எண்களைப் பற்றி. அந்த நகரத்தில் பல தலைமுறைக் காலம், எண் என்றாலே அது ஒரு பெயரோடுதான் தொடங்கும். பென்சில்வேனியா 6-5000. பட்டர்ஃபீல்டு 8. மரே ஹில். கிராமர்சி. செல்சீ. ஸ்பிரிங். கெனால். ஆடுபான். இந்தப் பெயர்களெல்லாம் எண்களின் முற்பகுதிகள். ஒருவர் தம் எண்ணைச் சொன்னால், தாம் எந்தப் பேட்டைக்காரர் என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிடுவார்.

அந்தப் பெயர்கள் ஏன் வந்தன? ஏன் போயின? போனபோது படித்தவர்கள், பேராசிரியர்கள், வியாபாரிகள் எல்லோரும் சங்கம் வைத்துச் சண்டை போட்டார்களே, அது எதற்காக? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர்களைப் பலரும் பழைய காலத்து அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அவை தொழில்நுட்பம், நண்பர்களே! மனிதரின் காது, நாக்கு, நினைவு, விரல் ஆகிய நான்கையும் அளந்து பார்த்துச் செய்த தொழில்நுட்பம். மனிதருக்கு ஏற்றபடி இயந்திரத்தை வளைத்த ஒரு காலம் இருந்தது. அதற்குச் சாட்சிதான் அந்தப் பெயர்கள்.

சரி, தொடக்கத்துக்குப் போவோம்.

முதலில் எண்ணே கிடையாது. 1878 ஜனவரி 28. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்படுகிறது. சந்தாதாரர்கள் 21 பேர். அடுத்த மாதம் ஒரு டைரக்டரி போட்டார்கள். அது புத்தகமே அல்ல, ஒரே ஒரு தாள். அதில் 50 இணைப்புகள். மருத்துவர்கள், கடைகள், காவல் நிலையம், அஞ்சல் நிலையம் எல்லாம் உண்டு. எண் மட்டும் ஒன்றுகூட இல்லை. எதற்கு எண்? ரிசீவரை எடுத்து, இன்னாரோடு பேச வேண்டும் என்று பெயரைச் சொன்னால் போதும். நிலையத்தில் இருப்பவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும்.

தொடக்கத்தில் அந்த வேலைக்குப் பையன்களை வைத்தார்கள். தந்தி அலுவலகத்தில் ஓடித் திரிந்த பையன்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் எதிர்த்துப் பேசினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் நகரத்தில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் அவர்தான். அன்றிலிருந்து முக்கால் நூற்றாண்டுக் காலம் தொலைபேசியின் குரல் பெண்ணின் குரலாகவே இருந்தது.

அப்படியானால் எண் எங்கிருந்து வந்தது? ஒரு நோயிலிருந்து வந்தது!

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஆலை நகரம். 1879இல் அங்கே தட்டம்மை பரவியது. அந்த ஊர் மருத்துவர் மோசஸ் கிரீலி பார்க்கருக்கு ஒரு கவலை. தொலைபேசி நிலையத்தில் இருந்த ஆபரேட்டர்கள் நான்கே பேர். இணைப்புப் பலகையில் எந்தத் துளை யாருடையது என்பது அவர்கள் மனத்தில் மட்டுமே இருந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் ஊர் என்ன ஆகும்? புதிதாக வருகிறவர் இருநூறுக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களை எப்போது மனப்பாடம் செய்து முடிப்பார்? ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள் என்றார் மருத்துவர். நிலையத்தை நடத்தியவர்கள் தயங்கினார்கள். பெயரைப் பறித்து எண்ணைக் கொடுத்தால் மக்கள் அவமானமாக நினைப்பார்களே என்று பயந்தார்கள். ஆனால் மருத்துவர் சொன்னதே நடந்தது.

இந்தப் பயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுக்குப் பிறகு இதே பயம் இன்னொரு முறை வரப்போகிறது.

ஊர் சிறியதாக இருந்தால் பெயரே போதும். கொஞ்சம் வளர்ந்தால் எண். நியூயார்க் போலப் பெருத்துவிட்டால்? அங்கேதான் நம் கதைக்கு உயிர் வருகிறது.

பழைய காலத்து இணைப்புப் பலகையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயரமான பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். பலகையின் முன்னால் தோளோடு தோள் உரச, தலையில் ஹெட்போன் மாட்டிய பெண்கள். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் முனையில் செருகி வைத்த கயிறுகள். யாராவது அழைத்தால், கேட்ட எண்ணின் துளையில் கயிற்றின் முனையைச் செருக வேண்டும். ஆகவே அந்த நிலையத்துச் சந்தாதாரர் அத்தனை பேரின் துளையும் ஒவ்வொரு ஆபரேட்டரின் கைக்கும் எட்ட வேண்டும். அமர்ந்த இடத்திலிருந்து இடப்பக்கம் எவ்வளவு சாய முடியும்? வலப்பக்கம் எவ்வளவு? மேலே எவ்வளவு எக்க முடியும்? துளைகளை எவ்வளவு பொடியாக்கினாலும், ஒரு பெண்ணின் கை எட்டும் பரப்புக்குள் ஏறத்தாழ 10,000 துளைகளைத்தான் அடக்க முடிந்தது.

பத்தாயிரம்! 0000 முதல் 9999 வரை, நான்கு இலக்கம். அமெரிக்காவில் தொலைபேசி எண்ணின் கடைசிப் பகுதி நான்கு இலக்கமாக நிலைத்துப்போனதே, அதற்குப் பின்னால் ஓர் உழைக்கும் பெண்ணின் கைநீளம் இருக்கிறது. இதை எங்கே பேசினாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

பத்தாயிரத்தைத் தாண்டினால் இன்னொரு நிலையம் கட்ட வேண்டும். அதையும் தாண்டினால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஓர் 5000 இருக்கும். எந்த 5000 என்று எப்படிச் சொல்வது? நிலையத்துக்குப் பெயர் வைத்தார்கள். ரிசீவரை எடுக்கிறீர்கள். உங்கள் வட்டாரத்து ஆபரேட்டர் எண் கேட்கிறார். "பென்சில்வேனியா 5000" என்கிறீர்கள். அவர் பென்சில்வேனியா நிலையத்துக்குப் போகும் கம்பியில் உங்களைச் சேர்க்கிறார். அங்கே இருக்கும் இன்னொரு பெண் 5000 என்ற துளையில் செருகுகிறார். மணி அடிக்கிறது. இரண்டு பெண்கள், இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு பெயர்.

அந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் மான்ஹாட்டன் தீவின் வரைபடமே விரியும். தெற்கு நுனியில் பவுலிங் கிரீன். 1733இல் அமைந்த, அந்த நகரத்தின் மிகப் பழைய பூங்கா. கொஞ்சம் மேலே கெனால். ஒரு காலத்தில் அங்கே உண்மையாகவே ஒரு கால்வாய் ஓடியது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை மூடிவிட்டார்கள். கால்வாய் போனபிறகும் தெருவுக்கு அந்தப் பெயர், தெருவின் பெயர் தொலைபேசிக்கு. பிறகு ஸ்பிரிங், செல்சீ, கிராமர்சி. மரே ஹில் என்பது 18ஆம் நூற்றாண்டு வியாபாரி ராபர்ட் மரேயின் தோட்டம் இருந்த மேடு. பிரையன்ட் என்பது வில்லியம் கல்லன் பிரையன்ட் என்ற கவிஞர். அவர் பெயரில் பூங்கா, பூங்காவின் பெயரில் தொலைபேசி நிலையம். வடக்கே போகப் போக ஆடுபான். அமெரிக்கப் பறவைகளை எல்லாம் வரைந்து வைத்த ஜான் ஜேம்ஸ் ஆடுபான் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பகுதி அது. ஒரு கவிஞரின் பெயரையும் ஓர் ஓவியரின் பெயரையும் சொல்லாமல் அந்த வட்டாரங்களில் மளிகைக் கடைக்குக்கூட போன் போட முடியாது! எந்த நகராட்சி தீர்மானம் போட்டு இப்படி ஒரு நினைவுச் சின்னத்தை எழுப்ப முடியும்?

லாங்ஏக்கர் என்றும் ஒரு நிலையம். இன்று உலகமே டைம்ஸ் சதுக்கம் என்று அழைக்கும் இடத்துக்கு 1904 வரை லாங்ஏக்கர் சதுக்கம் என்றுதான் பெயர். நாளிதழ் ஒன்று அங்கே கட்டடம் கட்டிக் குடியேறியதும் சதுக்கத்தின் பெயர் மாறியது. சதுக்கம் பெயரை மாற்றிக்கொண்டது, தொலைபேசி மாற்றவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நகரத்தின் வாயில் அந்தப் பழைய பெயர் புழங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்தது டயல். இங்கேதான் உண்மையான சோதனை!

ஆபரேட்டர் இல்லாமல் தானே இணைக்கும் இயந்திரத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அவர் சவ அடக்கத் தொழில் செய்தவர். சின்ன ஊர்களில் அந்த இயந்திரம் எளிதாகப் புகுந்தது. நியூயார்க்கில் புக முடியவில்லை. ஏன்? இயந்திரத்திடம் பென்சில்வேனியா என்று வாயால் சொல்ல முடியாது. நிலையத்துக்கு மூன்று இலக்கம், சந்தாதாரருக்கு நான்கு இலக்கம், ஆக ஏழு இலக்கம் சுழற்ற வேண்டும். ஏழு இலக்கத்தைச் சாதாரண மக்கள் தவறில்லாமல் நினைவில் வைப்பார்களா? மாட்டார்கள் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அத்தனை பெரிய நகரத்தை ஒரே இரவில் டயலுக்கு மாற்ற முடியாது. பல ஆண்டுகள் பாதி நகரம் டயலிலும் பாதி நகரம் ஆபரேட்டரிடமும் இருக்கும். இரண்டு தரப்புக்கும் ஒரே எண் செல்ல வேண்டும். வாயால் சொல்பவருக்கும் அது எண்ணாக இருக்க வேண்டும், விரலால் சுழற்றுபவருக்கும் அதுவே எண்ணாக இருக்க வேண்டும்.

1917இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பொறியாளர் டபிள்யூ. ஜி. பிளாவெல்ட் ஒரு வழி கண்டார். டயலில் ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் மூன்று மூன்று எழுத்துகளைப் போட்டார். 2இல் ஏ, பி (B), சி. 3இல் டி (D), இ, எஃப். இப்படியே 9 வரை. கியூவும் இசட்டும் பெயர்களில் அதிகம் வருவதில்லை என்று விட்டுவிட்டார்கள். 1க்கு எழுத்து கிடையாது, ஏனென்றால் ரிசீவரின் கொக்கி தற்செயலாக ஆடினாலே கம்பியில் ஒரு துடிப்பு போய்விடும். இயந்திரம் அதை 1 என்று எண்ணிக்கொள்ளும். பூஜ்யம் ஆபரேட்டரை அழைக்க.

இப்போது பாருங்கள். பென்சில்வேனியா 5000 வேண்டும். ஆபரேட்டர் இருக்கும் பகுதியில் வாயால் சொல்லுங்கள். டயல் இருக்கும் பகுதியில் பெயரின் முதல் மூன்று எழுத்தான பி, இ, என் ஆகியவற்றைச் சுழற்றி, அடுத்து 5000 சுழற்றுங்கள். இந்த பி (P) இருக்கும் துளை 7. இ இருக்கும் துளை 3. என் இருக்கும் துளை 6. நீங்கள் எழுத்து என்று நினைத்துச் சுழற்றுகிறீர்கள், இயந்திரம் 736 என்று எண்ணிக்கொள்கிறது. உங்களுக்குப் பெயர், அதற்கு எண். இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது! டைரக்டரியில் அந்த மூன்று எழுத்தையும் பெரிய எழுத்தாகத் தடித்து அச்சிட்டார்கள், விரல் எங்கே போக வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. 1922 அக்டோபரில் மான்ஹாட்டனின் முதல் பெரிய டயல் நிலையம் வேலை தொடங்கியது. அந்த நிலையத்தின் பெயரே பென்சில்வேனியாதான்.

பெயர் வைப்பதில் எவ்வளவு கவனம் வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சொன்னால் இரைச்சலான கம்பியில் இன்னொரு பெயராகக் காதில் விழக்கூடாது. எழுத்துக் கூட்டுவதில் யாரும் தடுமாறக்கூடாது. முதல் எழுத்துகள் சுழற்றும்போது வேறொரு நிலையத்தின் எண்ணோடு மோதக்கூடாது. இந்த மூன்றிலும் தேறிய பெயரே நிலையத்துக்குக் கிடைத்தது.

இப்படி மூன்றெழுத்துப் பெயராகத் தேடித் தேடி, ஒரு கட்டத்தில் நியூயார்க்குக்குப் பெயர்கள் போதவில்லை. 1930 டிசம்பரில் முறையைச் சற்றே மாற்றினார்கள். பெயரில் இரண்டு எழுத்து மட்டும், மூன்றாவது இடத்தில் ஓர் இலக்கம். அதனால் ஒரே பெயரைப் பல நிலையங்களுக்குப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே இருந்த எண்கள் என்ன ஆயின? மூன்றாவது எழுத்து இருந்த இடத்தில் அந்த எழுத்தின் இலக்கத்தையே போட்டார்கள். பென்சில்வேனியாவின் மூன்றாவது எழுத்து என். என் இருக்கும் இலக்கம் 6. ஆகவே பென்சில்வேனியா 5000 என்பது பென்சில்வேனியா 6-5000 ஆனது. பட்டர்ஃபீல்டின் மூன்றாவது எழுத்து டி (T). அது 8இல் இருக்கிறது. ஆகவே பட்டர்ஃபீல்டு 8. ஸ்பிரிங்கின் மூன்றாவது எழுத்து ஆர், அது 7இல். ஆகவே ஸ்பிரிங் 7. இயந்திரத்துக்குள் ஒரு கம்பிகூட மாறவில்லை! விரல் போகும் துளைகளும் அவையேதான். தாளில் மட்டும் எழுத்து இலக்கமானது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், அதைச் சிந்தித்த மனிதரை எழுந்து நின்று வணங்கத் தோன்றுகிறது.

இந்தப் பெயர்கள் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊறின? மூன்று எண்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஸ்பிரிங் 3100. இது நியூயார்க் காவல்துறைத் தலைமையகத்தின் எண். நகரத்தில் குழந்தைக்கும் தெரிந்த எண். 1930இல் காவல்துறை தன் ஊழியர்களுக்காக ஓர் இதழ் தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஸ்பிரிங் 3100 என்றே வைத்தார்கள். தலைமையகம் அந்த இடத்தை விட்டுப் போன பிறகும் இதழின் பெயர் போகவில்லை. துப்பறியும் கதைப் பிரியர்கள் இங்கே இருந்தால் லண்டன் நினைவு வந்திருக்கும். ஸ்காட்லாந்து யார்டின் எண் ஒயிட்ஹால் 1212. அங்கேயும் இதே கதைதான்.

இரண்டாவது, பட்டர்ஃபீல்டு 8. மான்ஹாட்டனின் மேல்கிழக்குப் பகுதி, பணக்காரர் வட்டாரம். ஜான் ஓஹாரா 1935இல் ஒரு நாவல் எழுதினார். அந்தப் பகுதியில் நடமாடும் ஓர் இளம்பெண்ணின் துயரக் கதை. அதற்குத் தலைப்பு பட்டர்ஃபீல்டு 8. அவ்வளவுதான், தலைப்பில் வேறு ஒரு சொல் கிடையாது. நியூயார்க் வாசகருக்கு அது போதும். எந்தத் தெரு, எவ்வளவு வசதி, எப்படிப்பட்ட மனிதர்கள் என்பதெல்லாம் அந்த முற்பகுதியிலேயே இருந்தது. 1960இல் அது திரைப்படமானது. எலிசபெத் டெய்லருக்கு முதல் ஆஸ்கர் விருதை வாங்கிக் கொடுத்த படம் அது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முற்பகுதியைக் கேட்டதும் ஆளை எடை போட முடிந்தது. ரைன்லாண்டர், பட்டர்ஃபீல்டு என்றால் ஒரு மரியாதை; ஏழைகள் குடியிருந்த ஆர்ச்சர்டு என்றால் வேறு பார்வை. எந்தத் தெரு என்று கேட்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்ளும் பழக்கத்தை நாமும் அறிவோம் அல்லவா? பெயர் போனதால் மறைந்த நல்லவற்றோடு இந்தத் தீமையும் சிறிது மறைந்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, பென்சில்வேனியா 6-5000. 1910இல் மான்ஹாட்டனில் பென்சில்வேனியா ரயில் நிலையம் எழுந்தது. உலகின் அழகான ரயில் நிலையங்களில் ஒன்று. அதற்கு எதிரே 1919இல் பென்சில்வேனியா ஹோட்டல். அந்த ஹோட்டலின் எண்தான் இது. அங்கே கஃபே ரூஜ் என்ற நடன அரங்கில் கிளென் மில்லரின் இசைக்குழு வாசித்தது. 1940இல் அந்தக் குழு ஹோட்டலின் தொலைபேசி எண்ணையே பெயராக வைத்து ஒரு பாட்டை வெளியிட்டது. இடையிடையே வாத்தியம் நிற்கும், குழுவினர் ஒரே குரலில் அந்த எண்ணை முழங்குவார்கள். ஒரு தொலைபேசி எண்ணுக்கு மக்கள் நடனம் ஆடினார்கள், நண்பர்களே! பத்து இலக்கக் கைபேசி எண் ஒன்றுக்கு இன்று யார் ஆடுவார்?

அப்படியானால் இவ்வளவு நன்றாக ஓடியதை ஏன் நிறுத்தினார்கள்?

கணக்குதான் காரணம். டயலில் எழுத்துள்ள இலக்கங்கள் எட்டு. ஆகவே முதல் இரண்டு இடங்களுக்கு எட்டெட்டு அறுபத்து நான்கு சேர்க்கைகள். ஆனால் எல்லாச் சேர்க்கையிலும் பெயர் கிடைக்குமா? 5இல் இருப்பவை ஜே, கே, எல். இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்து ஒரு பெயரைத் தொடங்குவீர்கள்? கே, எல் என்று கிளாண்டைக் என்ற பெயரைப் பிடித்தார்கள். அதற்கு மேல் தேறுவது கடினம். 57, 95, 97 இவற்றுக்கு அதுவும் இல்லை. உயிரெழுத்து இல்லாத இடத்தில் பெயர் எப்படிப் பிறக்கும்? இப்படிப் பெயர் கிடைக்காத காரணத்தாலேயே பல லட்சம் எண்கள் பயன்படாமல் கிடந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தபோது அது தாங்காத வீண். அமெரிக்கப் படங்களில் பாத்திரங்கள் சொல்லும் எண் பெரும்பாலும் 555 என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் பொருந்தாமல் ஒதுங்கிக் கிடந்த அந்த 55தான் அது.

இன்னொரு காரணம் தூரம். 1951 நவம்பரில் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் நகரத்திலிருந்து ஆபரேட்டர் உதவி இல்லாமலே நாட்டின் மறுகோடிக்கு நேரடியாக டயல் செய்தார்கள். உள்ளூர்க்காரருக்கு ஊரின் பெயர்கள் மனப்பாடம். மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் சஸ்குவெஹன்னா போன்ற நிலையப் பெயரை எப்படி எழுத்துக் கூட்டுவார்? வெளிநாட்டு டயல்களில் எழுத்துகளே வேறு இடத்தில் இருந்தன, சில நாடுகளில் எழுத்தே இல்லை. ஓ என்ற எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிச் சுழற்றியவர்கள் ஏராளம்.

பெல் ஆய்வகத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளர் இருந்தார். மக்கள் ஏழு இலக்கத்தை நினைவில் வைப்பார்களா என்று சோதித்துப் பார்த்து, வைப்பார்கள் என்று சொன்னவர் அவர். 1958இல் டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரத்தில் முழு எண் முறை வந்தது. பிறகு ஊர் ஊராகப் பெயர்கள் உதிர்ந்தன.

லோவெல் ஊரின் பழைய பயம் நினைவிருக்கிறதா? இப்போது அது கோபமாக வந்தது. 1962இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இலக்க டயலை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மொழியியல் அறிஞர் எஸ். ஐ. ஹயகாவா அதில் இருந்தார். பின்னாளில் அமெரிக்க செனட் உறுப்பினரானவர் அவர். மனிதனை எண்ணாக்குவதை அவர்கள் எதிர்த்தார்கள். வேறு நகரங்களிலும் கிளைகள் முளைத்தன, வழக்குகள் நடந்தன, பத்திரிகைகள் எழுதின. தோற்றார்கள்.

அவர்கள் சொன்னது தவறா? உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நம் உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு துணுக்குகளைத்தான் தாங்கும் என்பது அதன் சாரம். துணுக்கு என்பது ஓர் இலக்கமாகவும் இருக்கலாம், முழுச் சொல்லாகவும் இருக்கலாம். 736-5000 என்பது ஏழு துணுக்கு, தாங்கும் எல்லையின் விளிம்பு. பென்சில்வேனியா 6-5000 என்றால் பெயர் ஒன்று, இலக்கம் ஐந்து, ஆறோடு முடிந்தது. அந்தச் சங்கத்தார் மனித மனத்தைப் பற்றிச் சொன்னது சரி. தொலைபேசி நிறுவனம் எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னதும் சரி. நிறுவனத்தின் கையில் கம்பி இருந்தது, அதனால் அது வென்றது. என் தீர்ப்பு இதுதான்: மாற்றம் தேவைப்பட்டது, ஆனால் மாற்றியவர்கள் அந்தப் பெயர்களை நினைவாகக்கூட விட்டுவைக்கவில்லை. டைரக்டரியில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயரை விட்டிருந்தால் எந்த இயந்திரம் நின்றிருக்கும்?

1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் பொத்தான் வைத்த தொலைபேசி விற்பனைக்கு வந்தது. எதிரில் இருந்த ஹோட்டல் மட்டும் பெயர்கள் பல மாறியும் தன் எண்ணை விடவில்லை. 2020இல் மூடப்படும் வரை அதன் எண் 212-736-5000. ஏழு, மூன்று, ஆறு. பி, இ, என். 2023க்குள் அந்தக் கட்டடமும் தரைமட்டமானது.

இளம் நண்பர்களே, உங்கள் கைபேசியை எடுத்து எண் அழுத்தும் பலகையைத் திறந்து பாருங்கள். 2இன் கீழே ஏ, பி (B), சி. 7இன் கீழே பி (P), கியூ, ஆர், எஸ். அவை ஏன் அங்கே இருக்கின்றன? பிளாவெல்ட் 1917இல் போட்ட எழுத்துகள் அவை. கியூவும் இசட்டும் மட்டும் பின்னால் வந்து சேர்ந்தன. உங்களில் சிலர் பள்ளிப் பருவத்தில் அந்த எழுத்துகளை அழுத்தி அழுத்தித்தான் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருப்பீர்கள். நியூயார்க் பேட்டைகளின் பெயரைச் சுழற்றுவதற்காக வைத்த எழுத்துகளில் "அம்மா, பஸ் ஏறிட்டேன்" என்று தமிழை எழுதியிருக்கிறீர்கள்.

முன்வரிசைப் பெரியவர்களுக்கு வேறொரு நினைவு வந்திருக்கும். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த நாட்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி, பிறகு இரண்டு இலக்கமோ மூன்று இலக்கமோ சொல்வோம். கடை ரசீதில், கல்யாணப் பத்திரிகையில், சுவரில் தொங்கும் காலண்டரில் "போன்: 35" என்று போட்டிருக்கும். பக்கத்தில் தந்தி முகவரி. அந்த ஊரில் முப்பத்தைந்தாவதாகத் தொலைபேசி வாங்கியவர் யார், அப்போது அந்தத் தெரு எப்படி இருந்தது என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

அதனால்தான் ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 2012இல் அமெரிக்க அரசு 1940ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குத் தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. ஆனால் அதில் பெயர் வைத்துத் தேட முடியவில்லை, முகவரி தெரிந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்கலாம். தாத்தா பாட்டி எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? நியூயார்க் பொது நூலகம் தன்னிடம் இருந்த 1940ஆம் ஆண்டு டெலிபோன் டைரக்டரிகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் வைத்தது. மக்கள் அதில் குடும்பப் பெயரைத் தேடினார்கள். முகவரி கிடைத்தது, கூடவே பெயரோடு அந்தப் பழைய எண்ணும் கிடைத்தது. ஆண்டு முடிந்ததும் தூக்கி எறியவென்றே அச்சான புத்தகம் அது. யாரோ ஒருவர் எறியாமல் வைத்ததால், எத்தனையோ பேருக்குத் தம் முன்னோரின் வீடு கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டெலிபோன் டைரக்டரி இருக்கலாம். அப்பாவின் கடை ரசீதுப் புத்தகம் இருக்கலாம். எண்கள் குறித்து வைத்த நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்தில் மைய நூலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், முதலில் வந்த போன் நம்பர் என்ன என்று இன்று இரவே கேட்டு, ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.